இட்லி தின்னும்போதும் சாய்ந்த தலை

என் மகள் மைத்ரேயிக்குத் தலைவலி காலையில் மட்டும்தான் வந்தது. எழுந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், ஒரு தடவை வாந்தி எடுப்பாள், பள்ளிக்கூட வேன் வருவதற்குள் சரியாகிவிடுவாள். அப்புறம் நாள் முழுக்க ஓட்டமும் ஆட்டமும்தான். அதில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அதுதான் உறுத்தியது. தானாக வந்து தானாகப் போகிற கோளாறை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

தரமணியில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எழுதினவன் "சூப்பரா ஓடுது மேடம்" என்பான். ஓடவில்லை என்று காட்டத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அந்தப் புத்தியை வாசலில் கழற்றி வைக்க எனக்குத் தெரியாது. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பேன், ஆட்டோ எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்ப்பேன். கல்லூரியில் வரலாறு நடத்தும் என் கணவர் முரளி என்னை சந்தேகப் பிராணி என்றுதான் சொல்லுவார். இதை எழுதுவதும் அந்தப் பிராணிதான். ஆஸ்பத்திரியிலிருந்து ஞானியாகித் திரும்பி வந்தவள் என்று யாராவது நினைத்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

தி.நகரில் நாங்கள் வழக்கமாகப் போகும் குழந்தை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், சிரித்தார். "ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த புதுசுல இது சகஜம்மா. ஸ்கூல் போகப் பிடிக்கலைன்னா குழந்தைங்க உடம்பு இப்படித்தான் சொல்லும்."

"ஞாயித்துக்கிழமையும் வருதே டாக்டர்?"

"உடம்புக்குப் பழகிடுச்சும்மா."

உடம்புக்குப் பழகிவிடுமாம். காலண்டர் பார்க்காத உடம்புதான் காலையில் மணி பார்த்து வாந்தி எடுக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடி வீட்டு மாமி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை, குழந்தைக்குப் பெரிய திருஷ்டி என்றாள். தலைக்கு மேலே புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. செல்போன்தான் காரணம் என்றார் என் அப்பா. காலையில் பால் கொடுக்காதே என்றாள் என் அம்மா. ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள், யாருக்கும் கவலை மட்டும் இல்லை.

முரளியின் வீடு மயிலாப்பூரில் பாட்டு வீடு. அவருடைய அக்கா விஜி கல்யாணம் செய்துகொள்ளாமல் பாட்டையே பிடித்துக்கொண்டவள். கூடத்தில் காலையும் மாலையும் பாட்டு வகுப்பு நடக்கும். நாங்களும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். மைத்து பேச ஆரம்பித்ததே அந்தக் கூடத்தில்தான். எனக்கோ பாட்டு என்றால் பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் கேட்கும் சத்தம், அவ்வளவே. ஆசைக்கு ஒருநாள் அவள் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டினேன். மைத்து பாட்டை நிறுத்திவிட்டு, அத்தையைப் போலவே புருவத்தைத் தூக்கி, "தப்பு" என்றாள். அதிலிருந்து அது அவளுக்கு ஒரு விளையாட்டு. நான் கையைத் தூக்கினாலே போதும், "தப்பு". அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் திருப்தியைப் பார்க்கவே நான் அடிக்கடி தட்டுவேன்.

அந்த வருஷம் நவராத்திரி கொலுவில் மைத்து பாடினாள். தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாடினாள். வந்திருந்த மாமிகள் உருகிப்போனார்கள். "இந்த வயசுல என்ன லயிப்பு பாரேன்" என்று ஒருத்தி சொல்ல, "ரத்தத்துல இருக்கே" என்று இன்னொருத்தி சொல்ல, விஜி அக்கா அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். பெங்களூர், நியூஜெர்சி எல்லாம் போய் வந்தது அந்தச் சாய்ந்த தலை. நானும் முதலில் பெருமைப்பட்டேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை அவள் இட்லி தின்றுகொண்டிருந்தாள். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. பல் தேய்க்கும்போது பார்த்தேன், சாய்ந்திருந்தது. டிவி பார்க்கும்போதும் அப்படியே. நான் கையால் பிடித்து நிமிர்த்தினேன். "வேண்டாம்மா, ரெண்டு ரெண்டா தெரியறது" என்றாள். போனில் பழைய படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கோடை விடுமுறையில் பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த படங்களில் தலை நேராக இருந்தது. ஆடி மாதப் படங்களில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அப்புறம் ஒரு படத்தில்கூட நேராக இல்லை.

விஜி அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, பாடறச்சே மட்டும் சாஞ்சா சரி. இட்லி சாப்பிடறச்சேயும் சாயறதே."

"பழக்கம்டி. என்கிட்ட கத்துக்கறவா எல்லாரும் என்னை மாதிரியே ஆயிடறா."

"நீங்க சாய்க்கறது வலது பக்கம். இவ இடது பக்கம்னா சாய்க்கறா."

அக்கா சுருதிப் பெட்டியை மூடினாள். "எதையும் நம்பாம இருக்கறதும் ஒரு வியாதிதான், சுதா. குழந்தைக்கு இப்போ கவனம்தான் குறைச்சல். தாளத்துல வீச்சு ஒழுங்காவே விழமாட்டேங்கறது. அதைச் சொல்லித் திருத்து."

வீச்சு என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று எண்ணிக்கொண்டு போய், மறுபடி தட்டி, அடுத்து உள்ளங்கை மேலே பார்க்கக் கையைத் திருப்பிப் போட வேண்டும். அந்தத் திருப்பல்தான் வீச்சு. மூன்று வயதில் தூக்கத்தில்கூடப் போட்டவள் மைத்து. இப்போது வலது கை திருப்பும்போது தடுமாறியது, சில சமயம் தொடையையே தவறவிட்டு நாற்காலியில் விழுந்தது. அக்கா திட்டினாள், மைத்து அழுதாள், அழுதால் தலைவலி அதிகமானது.

கண்ணில் கோளாறு என்றால் கண்ணாடி போடச் சொல்வார்கள் என்று அடையாறில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கீழேயே கண்ணாடிக் கடை. சரி, ஒரு விலை உயர்ந்த பிரேம் தலையில் கட்டப்போகிறார்கள் என்று தயாராகத்தான் போனேன். அந்த அம்மாள் விளக்கை அணைத்துவிட்டு மைத்துவின் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விளக்கைப் போட்டு, "கண்ணாடி வேண்டாம்" என்றார். கீழே கடை வைத்திருக்கும் டாக்டர் கண்ணாடி வேண்டாம் என்றதும் நான் மைத்துவை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"கண்ணுக்குப் பின்னால இருக்கற நரம்போட வேர் வீங்கியிருக்கு" என்றார். "தலைக்குள்ள அழுத்தம் ஏறினா இப்படி வீங்கும். ஏன் ஏறுதுன்னு பார்க்கணும். இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

அன்றைக்கே எடுத்தோம். பிடரிக்கு மேலே, மண்டையின் அடியில் சிறுமூளை இருக்கிறது. நடப்பதும் கை நீட்டுவதும் தடுமாறாமல் இருக்கப் பார்த்துக்கொள்வது அதுதான். அதன் நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு கட்டி. மூளையைச் சுற்றி எப்போதும் ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்குமாம். கட்டி அதன் வழியை அடைத்ததால் நீர் தேங்கி அழுத்தம் ஏறியிருந்தது. இரவெல்லாம் படுத்திருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். அதனால்தான் காலையில் தலைவலி, காலையில் வாந்தி. எழுந்து நடமாடினால் கொஞ்சம் வடியும், குழந்தை சரியானதுபோல் தெரியும். கழுத்தைச் சாய்த்தது இரட்டையாகத் தெரிவதை ஒன்றாக்கிக்கொள்ள. லயிப்புமில்லை, ஒரு மண்ணுமில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை டாக்டரைப் பார்க்க விஜி அக்காவும் வந்தாள். அவர் மைத்துவைக் கட்டிலில் உட்காரவைத்து, "கண்ணா, தொடை மேல கையைத் தட்டு. இப்போ திருப்பிப் போடு. மறுபடி தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு" என்றார். இடது கை ஒழுங்காகத் திரும்பியது. வலது கை தடுமாறிக் கட்டிலில் விழுந்தது. சிறுமூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லா டாக்டர்களும் செய்யும் சோதனையாம் இது. அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு அது சோதனையாகத் தெரியவில்லை, வீச்சாகத்தான் தெரிந்திருக்கிறது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு மூணு மாசமா சரியா விழல" என்றாள் அக்கா. "நான் திட்டிண்டே இருந்தேன்."

உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அவசரப்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. படங்களைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்தவரும் வரிக்கு வரி அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களோ என்று போனில் தேடினேன். படித்திருந்தார்கள். மூன்றாவதாக ஒருவரைப் பார்க்கலாம் என்று கிளம்பியபோது முரளி வழியை மறித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கல்யாணமானதிலிருந்து அவர் அப்படி நின்றதில்லை.

"போறும், சுதா. நீ சந்தேகப்பட்டதாலதான் கண்டுபிடிச்சோம். ஒத்துக்கறேன். இப்போ சந்தேகப்பட்டுண்டு நின்னா குழந்தை கண்ணு போயிடும்னு ரெண்டு பேரும் சொல்லிட்டா."

கையெழுத்துப் போட்டேன். நம்பிப் போட்டேன் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. லிப்ட் இயக்குகிறவர் எங்களுக்காகக் கதவைப் பிடித்து நிறுத்தினால், இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் இரக்கப்படுகிறார் என்று தோன்றும். நர்ஸ் சிரித்தால் எதையோ மறைக்கிறாள். சிரிக்காவிட்டால் நிலைமை மோசம். ஒவ்வொரு ஊசிக்கும் பெயர் கேட்டேன், ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். என் உறவினர்கள் ஒருவர் விடாமல் திடீரென்று அன்பாகிவிட்டார்கள். மாடி மாமி இரண்டு வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கும் என் ஓரகத்தி, நியூஜெர்சியிலிருந்து போனில் அழுதாள்.

காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்து நாற்காலி செல்விக்கு. ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி, கடற்கரையில் மீன் விற்கிறவள். அவள் மகனுக்கும் தலையில் நீர் தேங்கி, அதை வயிற்றுக்கு இறக்கக் குழாய் வைத்திருந்தார்கள். முதல் நாளே என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். எந்தத் தெரு, என்ன வேலை, பாப்பாவுக்கு எந்த இடத்தில் கட்டி. எதற்கு இவளுக்கு இத்தனை விவரம் என்று நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"இன்னாமா, எல்லாரையும் மொறைச்சுகினே கீற?" என்றாள். "நர்ஸம்மா உன்ன பாத்தா அந்தாண்ட சுத்திகினு போவுது."

ஆபரேஷன் நடந்த நாளில் முரளியும் அக்காவும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். செல்வி என் கையில் ஒரு பன் பாக்கெட்டைத் திணித்தாள். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன்.

"தேதி பாத்துட்டியா? நேத்திக்கி போட்டதுதான். துன்னு" என்றாள். அன்றைக்கு நான் சிரித்தது அப்போது ஒரு தடவைதான். சிரிக்க ஆரம்பித்தது அழுகையாகப் போய் முடிந்தது. என் பை எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அழுது முடித்தபோது அது அவள் மடியில் இருந்தது.

டாக்டர் வெளியே வந்து, "முழுசா எடுத்தாச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறாராம். மறு ஸ்கேன் வரும்வரை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்கேனும் முழுசாக எடுத்தாயிற்று என்றுதான் சொன்னது.

கண் விழித்ததும் மைத்து தண்ணீர் கேட்டாள். "தலை வலிக்கலைம்மா" என்றாள். மாதக்கணக்கில் அந்த வார்த்தைக்காகத்தானே கிடந்தோம். முரளி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவள் பேச்சு நின்றுபோனது. கூப்பிட்டால் பார்க்கிறாள், பதில் இல்லை. பசித்தால் அழுகிறாள், அழுகையிலும் வார்த்தை இல்லை. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். சிறுமூளையில் ஆபரேஷன் ஆன சில குழந்தைகளுக்கு இப்படி வருமாம். முதலில் பேசிவிட்டு, ஓரிரு நாளில் மௌனமாகிவிடுவார்களாம். பேச்சு திரும்பும், முதலில் ஒரு சொல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சிலருக்குப் பேச்சு கொஞ்சம் குழறலாகவே நின்றுவிடுவதும் உண்டு.

"நீங்க எதையோ வெட்டக் கூடாததை வெட்டிட்டீங்க" என்றேன். முரளி என் கையைப் பிடித்தார், நான் உதறினேன். டாக்டர் கோபப்படவில்லை. "உங்க இடத்துல இருந்தா நானும் அப்படித்தான் கேட்பேன்" என்றார். பதிலுக்குக் கத்தியிருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்தது. மெதுவாக வளரும் ரகம், பரவாதது. முழுசாக எடுத்துவிட்டதால் மருந்து, கதிர்வீச்சு எதுவும் இப்போதைக்கு வேண்டாம், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயரும் வயதும் என் மகளுடையதுதானா என்று அச்சடித்த தாளை மூன்று தடவை பார்த்தேன். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். மைத்து மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிர் கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்ட அதே நேரத்தில் அந்தக் குரல் எங்கே என்று தேடினேன். இரண்டையும் கேட்பது பேராசை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

விஜி அக்கா தினமும் வந்து கட்டில் பக்கத்தில் மெல்லிய குரலில் பாடுவாள். மைத்துவுக்குப் பிடித்ததை எல்லாம் பாடினாள். குழந்தை கேட்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அக்கா வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அவள் பாடுவது அத்தனையும் சரியாக இருந்ததுதான் சிக்கல் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் நானும் மைத்துவும் மட்டும் இருந்தோம். ஒரு மென்பொருள் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க, சரியானதையே கொடுத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. வேண்டுமென்றே தவறானதைக் கொடுத்து, அது சத்தம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் என் பிழைப்பு. நான் அவள் கண்ணில் படும்படி உட்கார்ந்தேன். தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சுண்டு விரலை விட்டுவிட்டு, நேராக மோதிர விரலுக்குப் போனேன்.

அவள் பார்வை ஜன்னலிலிருந்து என் கைக்கு வந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி சுண்டு விரலை விட்டேன். புருவம் கொஞ்சம் ஏறியது. மூன்றாவது முறை உதடு அசைந்தது. அடித்தொண்டையிலிருந்து, காற்றும் குரலுமாக, "தப்பு" என்று வந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் போய்விடுமோ என்று பயந்தேன். முரளி வந்ததும் சொன்னேன். அவர் எத்தனையோ கெஞ்சினார், மைத்து வாயைத் திறக்கவில்லை. நர்ஸிடம் சொன்னேன். "நிஜமாவே கேட்டீங்களாம்மா?" என்றாள், தூக்கமில்லாத தாய்மார்களைப் பார்க்கும் பார்வையோடு. என்னையே எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் விஜி அக்கா வந்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன்.

"நீ என்ன போட்டே? போட்டுக் காமி."

காட்டினேன்.

"உனக்கு எப்பவுமே அப்படித்தானே வரும்."

"வேணும்னே தப்பாப் போட்டேன், அக்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மைத்துவுக்கு எதிரே உட்கார்ந்து, "நானும் தப்பாப் போடறேன்" என்றாள். தட்டினாள். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு. எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் சரியாகவே விழுந்தது. ஐந்து வயதிலிருந்து போட்டு வந்த கை. அவளால் தப்பாகப் போடவே முடியவில்லை. "என்னடி இது, வரமாட்டேங்கறதே" என்று அந்தக் கையை என் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

"எண்ணாதீங்க அக்கா. வேற எதையாவது நினைச்சுண்டு தட்டுங்கோ" என்றேன். அந்தப் பாட்டு வீட்டு மனுஷிக்கு நான் தாளம் சொல்லிக்கொடுத்தேன். முரளி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அழுதுகொண்டேதான் தட்டினாள். எதை நினைத்தாளோ, ஒரு விரல் விட்டுப்போனது, வீச்சு அரை மாத்திரை பிந்தி விழுந்தது.

"தப்பு," என்றாள் மைத்து. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அத்தை" என்றாள்.

முரளி வெளியே ஓடி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டிலைச் சுற்றி இரண்டு நர்ஸ்கள், காத்திருக்கும் கூடத்திலிருந்து ஓடி வந்த செல்வி, நான். நடுவில் உட்கார்ந்து, மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தாளம் கற்றுக்கொடுத்த விஜி அக்கா, அன்று சாயங்காலம் இருட்டும் வரையில் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டே இருந்தாள்.